மல்லாட்டைக்காரர் ஊரில் ஒரு நாள்: ஜிம்மி கார்ட்டர் பண்ணை வீடு

விழுப்புரம் பக்கத்தில் நாற்பது வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டவர் என் அப்பா. இங்கே அட்லாண்டாவில் மூன்று மாதம் தங்க வந்தவருக்கு இரண்டாவது வாரமே மால்கள் அலுத்துவிட்டன. சரி, கடலை விவசாயியாக இருந்து அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் ஊரைக் காட்டலாம் என்று ப்ளெயின்ஸுக்கு வண்டியை எடுத்தேன். அட்லாண்டாவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். எழுநூறு பேர்கூடத் தேறாத ஊர்.

"ஜனாதிபதிக்கு முன்னாடி இந்த ஜார்ஜியாவுக்குக் கவர்னர்ப்பா" என்றேன். "கோடைக்கு ஊட்டிக்குப் போய் இருப்பாங்களே, அந்த மாதிரியா?" என்றார். இல்லை, இங்கே கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், நம் முதலமைச்சர் வேலை என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் ப்ளெயின்ஸுக்குப் பக்கத்தில் ஆர்ச்சரியில் இருக்கும் பண்ணை வீட்டுக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்குள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1928இல், நாலு வயதில், கார்ட்டர் குடிவந்த வீடு. 1938 வரை கரண்ட் இல்லை. காற்றாலை வைத்துத் தண்ணீர் ஏற்றியதே 1935இல்தான். குளிப்பதற்கு, அடியில் ஓட்டை போட்ட ஒரு வாளியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்பா அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நம்ம பம்புசெட்டு எவ்வளவோ மேல்" என்றார். பொத்தானை அழுத்தினால் கார்ட்டரே தன் குரலில் கதை சொல்கிறார். ஆங்கிலம் பாதிதான் புரியும் என்றாலும் அப்பா முழுக்க நின்று கேட்டார்.

கொஞ்சம் தள்ளி, பண்ணையில் வேலை பார்த்த கறுப்பினத் தம்பதி கிளார்க் இருந்த சின்ன மர வீடு. சிறுவன் கார்ட்டர் பல நாள் அங்கேதான் கிடப்பாராம். அப்பா வாசலிலேயே நின்று, "சரி, இது காலனி" என்றார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கார்ட்டர் படித்த உயர்நிலைப் பள்ளி. இப்போது அதுதான் அருங்காட்சியகம். அரசியல் கதையை இங்கே வைத்துத்தான் அப்பாவுக்குச் சொன்னேன். 1962இல் மாநில செனட்டுக்கு நின்றபோது ஒரு சின்ன கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) கள்ள ஓட்டு. செத்தவர்கள் பெயரிலும் ஓட்டு விழுந்திருந்தது. விடாமல் வழக்குப் போட்டு ஜெயித்தார். "இங்கயுமா!" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

1966இல் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார், 1970இல் ஜெயித்தார். அந்த ஜெயிப்பில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நிறவெறி ஓட்டுகளும் வேண்டும் என்று பிரசாரத்தில் வளைந்துதான் பேசினார். ஆனால் 1971 ஜனவரியில் பதவியேற்ற மேடையிலேயே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்றார். ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்திருக்கும். 1974இல் மார்ட்டின் லூதர் கிங் படத்தை மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்திலேயே மாட்டவைத்தார். முந்நூறு போல் இருந்த அரசு அமைப்புகளை இருபத்திரண்டாகச் சுருக்கினார். தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க அப்போது ஜார்ஜியாவில் சட்டம் இடம் தரவில்லை. அதனால் 1975இல் இறங்கி, நேராக ஜனாதிபதி தேர்தலுக்குப் போனார். அந்தப் பிரசாரத்துக்குத் தலைமை அலுவலகம் ஊரின் பழைய ரயில் நிலையம். காலியாக, கழிப்பறையோடு இருந்த கட்டடம் அது ஒன்றுதானாம்! அதையும் பார்க்கலாம்.

அவர் அம்மா லில்லியன் ஒரு நர்ஸ். அறுபத்தெட்டு வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பில் சேர்ந்து பம்பாய் விக்ரோளிக்கு வந்து வேலை செய்தவர். அப்பாவுக்குப் பிள்ளையைவிட இந்த அம்மாவைத்தான் பிடித்தது.

சைவக்காரர்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. கடைத்தெருவில் கடலை ஐஸ்கிரீம் கிடைக்கிறது, ஒருமுறை சாப்பிடலாம். ஆனால் தவறவிடக்கூடாதது அவித்த கடலை. கார்ட்டர் ஐந்தாறு வயதில் இதே தெருவில் கூவி விற்றது அதைத்தான். சுடச்சுட ஒரு கப் வாங்கினோம். அப்பா ஒன்றை உரித்து, நசுக்கி, வாயில் போட்டார். "உப்பு தூக்கல். கொட்டையும் நம்ம ரகம் இல்ல."

வண்டி அட்லாண்டா எல்லையைத் தொடும்போது கப்பில் தோல் மட்டும்தான் இருந்தது. எனக்கு நாலு கொட்டை கிடைத்திருக்கும்.