கையில் மிஞ்சிய ஒரு லட்சம்: வீட்டுக்கடன் அசலிலா, நகையிலா, எஸ்ஐபியிலா?

வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் ஒரு லட்சம் மிஞ்சினால் எங்கே போடுவது? ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான எங்கள் மண்டபத்தில் யாரைக் கேட்டாலும் நகை வாங்கு, பேங்கில் டெபாசிட் போடு, எஸ்ஐபியாக (மாதாமாதம் ஒரு தொகையாக) மியூச்சுவல் ஃபண்டில் போடு என்று மூன்று பதில் வரும். நான் மிஞ்சுவதைக் கடனின் அசலில் கட்டிக்கொண்டு வருகிறேன். இந்த ஒப்பீடும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

டெபாசிட்டை முதலிலேயே தள்ளிவிடலாம். பொதுவாகக் கடனுக்கு நாம் கொடுக்கும் வட்டியைவிட டெபாசிட்டுக்கு வருவது குறைவு, அதற்கும் வருமான வரி உண்டு. வரிச்சலுகைக்காகக் கடனை இழுக்கலாம் என்பவர்கள் உண்டு. பழைய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். புதிய வரிமுறையில் அதுவும் கிடையாது.

நகைதான் உண்மையான போட்டி. அவசரத்துக்கு வளையலைக் கொண்டுபோய் வைத்தால் அன்றைக்கே பணம் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் தங்கம் ஏறிய வேகத்துக்கு முன்னால் வீட்டுக்கடன் வட்டி ஒன்றுமே இல்லை, அதை மறைக்க முடியாது. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று முதல் நாளே ஒரு பங்கு போய்விடுகிறது. இனியும் இப்படியே ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

எஸ்ஐபி பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நீண்ட காலத்தில் பங்குச் சந்தை கடன் வட்டியைவிட அதிகம் தரக்கூடும். விழும் வருடங்களிலும் எடுக்காமல் பொறுத்திருப்பவர்களுக்கு அது சரிப்படும். நான் அப்படிப்பட்டவனா என்று சோதித்துப் பார்த்ததில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 20 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 3,189 மட்டும். முதல் வருடக் கடைசியில் ஒரு லட்சத்தை அசலில் கட்டி, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் கடன் 26 மாதம் முன்னதாக முடிகிறது. வட்டியில் சுமார் மூன்றரை லட்சம் மிச்சம். அதே ஒரு லட்சத்துக்குக் காலத்தை விட்டுவிட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் குறையும், வட்டியில் மிச்சமாவது ஒரு லட்சம்தான். பதினைந்தாம் வருடக் கடைசியில் கட்டினால் எட்டரை மாதம் போல்தான் குறையும். ஆகவே கட்டுவதென்றால் முதல் சில வருடங்களிலேயே கட்ட வேண்டும், காலத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கட்ட வேண்டும்.

ஆனால் என்னை அசல் பக்கம் திருப்பியது வட்டிக் கணக்கு மட்டும் இல்லை. உப்புக்காற்று.

மண்டபத்தில் இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். கச்சான் காற்று அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வீட்டின் மேல்தான் படிகிறது. அது மெல்ல கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த கம்பி பருத்து, உள்ளிருந்தே சிமெண்டைப் பிளக்கும். முதலில் சன்ஷேடின் அடியில் கம்பி போகும் வாக்கில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். அப்புறம் அந்த இடத்தைத் தட்டினால் பொக்கென்று கேட்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில் காரை பாளமாகப் பெயர்ந்து விழும், உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த வீடுகளில், கட்டும்போதே உப்புத் தண்ணீர் கலந்தவை பத்து வருடத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிட்டன. நல்ல தண்ணீரில் கவனமாகக் கட்டியவையும் பதினைந்து வருடத்துக்குள் ஏதாவது ஒரு மூலையில் கைவைக்கச் சொல்கின்றன. உடைத்து, கம்பியைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, மறுபடி கான்கிரீட் போடுவது வெள்ளையடிப்பது போன்ற செலவு இல்லை.

இருபது வருடம் கடன் ஓடினால் அந்தச் செலவு வரும்போதும் தவணை கழுத்தில் இருக்கும். அதற்காக இன்னொரு கடன் வாங்க நேரும். அதே 20 லட்சத்துக்கு வருடம் ஒரு லட்சம் அசலில் கட்டிக்கொண்டே வந்தால் பத்து வருடத்துக்குள் கடன் தீர்கிறது, மொத்த வட்டியும் 21.65 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கும் கீழே இறங்குகிறது. வீடு முதல் பெரிய மராமத்தைக் கேட்கும்போது அந்த 17,356 ரூபாய் மாதாமாதம் நம் கையில் இருக்கும். கடலிலிருந்து தள்ளி ராமநாதபுரம் டவுனுக்குள் வீடு, மாதச் சம்பளம், வயதும் குறைவு என்றால் பாதியை எஸ்ஐபியில் போடுவதை நான் தடுக்க மாட்டேன்.

அசலில் கட்டுவதில் ஒரு குறை உண்டு: சாதாரண வீட்டுக்கடனில் கட்டிய பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. இந்தக் கரையில் அது சின்ன விஷயம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. என் கடை படகு எஞ்சின் உதிரிபாகக் கடை. தடைக்காலத்தில்தான் படகுகளைப் பராமரிப்புக்கு ஏற்றுவார்கள், வியாபாரம் நடக்கும். ஆனால் பெரும்பாலும் கடனுக்கு. படகு மறுபடி தொழிலுக்குப் போய் நாலு பாடு மீன் பட்ட பிறகுதான் காசு வரும். அதனால் ஆறு மாதத் தவணைக்கான பணத்தை டெபாசிட்டில் வைத்துவிட்டு, அதற்கு மேல் வருவதை மட்டும் ஆவணி வாக்கில் அசலில் கட்டுகிறேன். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் இந்த இருப்பு இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்கூட்டிக் கட்ட வேண்டாம்.

மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ‘தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையை வாங்கிப் பாருங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கியில் கொடுத்த ஒரிஜினல் பத்திரங்கள் கைக்கு வர வேண்டும். வங்கியின் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும், இது 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்துவிட்டு, பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டு அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.