ஆர்கேட் பெட்டி: சேலத்தில் ஒரு கணக்கு, ஏற்காட்டில் வேறு கணக்கு

வீட்டில் ஆர்கேட் மெஷின், அதாவது திரையும் ஸ்டிக்கும் பட்டனும் வைத்த வீடியோ கேம் பெட்டி, கட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "விளையாட்டை ஓட்ட எந்த போர்டு வாங்கலாம்?" என்றுதான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. போர்டு பிடிக்கவில்லையா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடலாம். ஊறிப்போன பலகையையும், தப்பான அளவில் துளை போட்ட பேனலையும் அப்படி மாற்ற முடியாது. பெட்டி எங்கே நிற்கப்போகிறது என்பதில்தான் தொடங்க வேண்டும். அஸ்தம்பட்டியில் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையிலா, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டில் ஒரு வீட்டிலா? கீழே சித்திரை வெயில் 40 டிகிரி. மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி மழையில் சன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும். ஒரே சாமான் பட்டியலை வைத்து இரண்டு இடத்திலும் கட்டினால் ஒரு பெட்டியாவது ஒரு வருடத்தில் படுத்துவிடும்.

பலகை: எம்.டி.எஃப்., பிளைவுட்

எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. விலை குறைவு, முகம் வழவழப்பு, ஸ்டிக்கர் ஒட்டினால் அழகாகப் படியும். பக்கப் பலகையின் வளைவுகளை ஜிக்சாவில் வெட்டினாலும் சில்லு பெயராது. சேலம் ஊருக்குள், தரையைக் கழுவித் தண்ணீர் ஊற்றாத அறையில் நிற்கப்போகிறது என்றால் தாராளமாகப் போடலாம். தொந்தரவு ஓரத்தில்தான். வெட்டிய ஓரம் பஞ்சு மாதிரி ஈரத்தை இழுக்கும். 18 எம்.எம். பலகை அடிப்பக்கம் உப்பி 20, 21 என்று ஆகிவிட்டால் திரும்ப இறங்காது. ஓரத்தில் நேராக ஸ்க்ரூ போட்டால் பிளக்கும், 4 எம்.எம். ஸ்க்ரூவுக்கு 3 எம்.எம். துளையை முதலில் போட்டே ஆக வேண்டும். அதைவிட நல்லது, உள் மூலைகளில் ஓரங்குல ரீப்பர் அடித்து, ஸ்க்ரூவை முகத்தின் வழியாக ரீப்பருக்குள் இறக்குவது.

ஏற்காட்டுக்கு எம்.டி.எஃப். பக்கமே போக வேண்டாம். அங்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட், அது கட்டுப்படியாகாவிட்டால் ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (அதற்கு ஒரு படி கீழ்) தரம். கடைக்காரர் "இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான்" என்று சொன்னாலும் பலகையில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வெளியே மைக்கா ஒட்டினால் உள்ளேயும் ஒரு கோட்டிங் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடிய பலகை ஈரத்தில் வில்லாக வளையும்.

எடையிலும் வித்தியாசம் உண்டு. எட்டுக்கு நாலு அளவில் 18 எம்.எம். எம்.டி.எஃப். ஒரு ஷீட் 40 கிலோ பக்கம் வரும், பிளைவுட் அதைவிட ஐந்தாறு கிலோ குறைவு. ஆள் உயரப் பெட்டிக்கு இரண்டு ஷீட் பிடிக்கும். மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டிக்கு ஒன்றே மிஞ்சும். மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் கட்டி முடித்து ஏற்றாதீர்கள். கீழேயே எல்லாவற்றையும் வெட்டி, ஒருமுறை பூட்டிப் பார்த்து, எண் எழுதி, கழற்றித் தட்டையாக ஏற்றி, மேலே போய் மினிஃபிக்ஸ் (கழற்றி மாட்டும் மூட்டு ஸ்க்ரூ) போட்டு முறுக்கிக்கொள்ளலாம். பூட்டிய பெட்டி வளைவுக்கு வளைவு ஆடியே மூட்டு விட்டுப்போகும்.

பேனல்: மரமா, தகடா

பட்டனும் ஸ்டிக்கும் உட்காரும் பலகைதான் பேனல். புதிதாக வருகிறவர்கள் அதிகம் சொதப்பும் இடமும், பெட்டி பிடித்துப்போவதா மூலையில் தூங்குவதா என்று முடிவாகும் இடமும் இதுதான்.

பட்டன் இரண்டு ஜாதி. ஜப்பான் வகை பட்டனுக்கு 30 எம்.எம். துளை; பக்கத்துக் கொக்கியால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும், அந்தக் கொக்கி 2 முதல் 4 எம்.எம். தடிமனைத்தான் பிடிக்கும். அமெரிக்க வகைக்கு 28 எம்.எம். துளை, கழுத்து நீளம், கீழே நட்டு போட்டு முறுக்குவது, 18 எம்.எம். மரத்திலும் நிற்கும். மரத்தில் துளை போட்டுவிட்டுக் கொக்கி வகையை வாங்கி வந்தால் பட்டன் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், வேகமாக ஆடும்போது கையோடு வரும். கடைப் பட்டியலில் எழுதியிருக்கும் அளவை நம்பித் துளை போடாமல், பொருள் கைக்கு வந்ததும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

தச்சரிடம் வேலையைக் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்சுக்குக் குழி போடும் 35 எம்.எம். பிட் எல்லாத் தச்சர் பையிலும் இருக்கும். "கொஞ்சம்தானே பெருசு, ஒண்ணும் ஆகாதுங்க" என்று அதையே நீட்டுவார். பட்டனின் மேல் வளையமே 33 எம்.எம். சுற்றுதான் இருக்கும்; 35 துளையில் பட்டன் முழுசாக உள்ளே விழுந்துவிடும். பட்டனுக்குச் சரியான பிட்டை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்துவிடுவது உத்தமம். மைக்கா ஒட்டிய முகத்திலிருந்து துளைக்க வேண்டும், அடியில் ஒரு வேஸ்ட் கட்டையை இறுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிட் வெளியேறும் பக்கம் பிளைவுட் நார் நாராகப் பிய்யும்.

ஜாய்ஸ்டிக்குக்கும் மரத்தின் தடிமன் ஆகாது. சான்வா ஜே.எல்.எஃப். போன்ற ஸ்டிக்கின் தண்டு தன் தகட்டுக்கு மேல் ஏறத்தாழ 24 எம்.எம்.தான் நீட்டும். 18 எம்.எம். பலகைக்கு அடியில் பொருத்தினால் கைப்பிடிப் பந்து பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அடியிலிருந்து ரூட்டரால் (மரம் குடையும் மெஷின்) குடைந்து, ஸ்டிக் உட்காரும் இடத்தில் 6 எம்.எம். மட்டும் மிச்சம் விட வேண்டும்.

இந்தக் குடைச்சலே வேண்டாம் என்றால் தகடு. ஸ்டெயின்லெஸ் வேலை தெரிந்த ஊர் சேலம். 2 எம்.எம். தகட்டில் வரைபடத்தை டி.எக்ஸ்.எஃப். ஃபைலாகக் கொடுத்தால் லேசர் கட்டிங்கில் எல்லாத் துளையும் ஒரே அளவில் வரும். ஏற்காட்டுக்கு 304 ஸ்டெயின்லெஸ், சேலத்துக்குச் சாதா எம்.எஸ். (இரும்பு) தகட்டில் பவுடர் கோட்டிங் போதும். கை படுகிற இடம் இரும்பு என்பதால் தகட்டை எர்த் வயரோடு இணைக்காமல் விடக்கூடாது. எங்கள் ஓட்டு தகட்டுக்குத்தான். தச்சுக்கூலியோடு கணக்குப் போட்டால் செலவும் பெரிதாக ஏறாது.

மரமோ தகடோ, வெட்டுவதற்கு முன் ஒரு ஷூ டப்பா போதும். தடித்த அட்டை 3 எம்.எம். இருக்கும், கொக்கி பட்டன் அதில் கச்சிதமாக மாட்டும். பட்டன்களுக்கு நடுவே மையத்துக்கு மையம் 36 எம்.எம். வைத்து, பேனாக்கத்தியால் வெட்டி, ஸ்டிக்கையும் மாட்டி, மடியில் வைத்து ஒரு வாரம் ஆடுங்கள். மணிக்கட்டு வலித்தால் டப்பா மூடியை மாற்றிக்கொள்ளலாம். அந்த வாரத்துக்குப் பிறகு பாதிப் பேர் முதலில் போட்ட வரைபடத்தைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

பட்டனையும் கணினியையும் இணைக்கும் என்கோடரில், 'ஜீரோ டிலே' என்று விற்கும் போர்டு ஆளுக்கொன்று வேண்டும். வயரும் கூடவே வரும். தாமதம் பெயரில்தான் பூஜ்யம், ஆனாலும் தொடக்கத்துக்குப் பழுதில்லை. அதன் உண்மையான எரிச்சல் வேறு: ஒரே மாதிரி இரண்டு போர்டு இருந்தால் சில சமயம் ரீபூட்டில் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிப்போவார்கள். ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி போர்டில் ஜி.பி.2040-சி.இ. ஃபர்ம்வேரை ஏற்றி அதையே என்கோடராக்கினால் தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். அல்டிமார்க் நிறுவனத்தின் ஐ-பேக் என்கோடர் இரண்டு ஆளையும் ஒரே கீபோர்டாகக் காட்டுவதால் இடமாற்றச் சிக்கலே வராது, காசுதான் கூட. எதை வாங்கினாலும் வயர் முனையின் அகலத்தைப் பாருங்கள்: ஜப்பான் பட்டனுக்கு 2.8 எம்.எம்., அமெரிக்க மைக்ரோ சுவிட்சுக்கு 4.8. மாற்றித் திணித்தால் பட்டனின் கால் மடங்கி ஒடியும்.

மூளை: மூன்று வழி

விளையாட்டுகளை ஏற்றியே பண்டோரா என்ற பெயரில் விற்கும் சீன போர்டுதான் வேகமான வழி. சுவிட்சைப் போட்டால் பட்டியல் வரும், அவ்வளவுதான். டப்பா மேல் அச்சடித்த ஆயிரக்கணக்கு, ஒரே விளையாட்டின் நாலைந்து நாட்டுப் பதிப்புகளையும் சேர்த்து எண்ணியது. 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கிக் காட்டும். உள்ளே இருக்கும் விளையாட்டுகளுக்கு உரிமம் கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். ஜாமா இணைப்புள்ள மாடல் என்றால், அது ஆர்கேட் போர்டைப் பெட்டியின் வயரிங்கோடு இணைக்க 1985-இல் ஜப்பானில் வந்த தரம், பக்கத்துக்கு 28 வீதம் 56 முனை. கனெக்டர் தலைகீழாகச் செருகப்பட்டால் 12 வோல்ட் பட்டன் முனைகளுக்குப் போய் போர்டு கருகும். தடுக்க 7-ஆம் முனையில் ஒரு சின்னச் சாவி இருக்க வேண்டும். மலிவு வயரிங்கில் அது இருக்காது. மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட் முனையைக் கண்டுபிடித்து மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டு செருகுங்கள்.

இரண்டாவது வழி, ராஸ்ப்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்ப்; பை 5-க்கு 5 ஆம்ப் அடாப்டர். போன் சார்ஜரில் ஓட்டினால் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கி, திரை மூலையில் மின்னல் குறி வரும், விளையாட்டு திக்கும். பை 5-இல் ஆடியோ ஜாக் கிடையாது, ஸ்பீக்கருக்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆபீசில் கழித்துக்கட்டிய நாலாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப். பட்டோசெரா என்ற விளையாட்டு இயங்குதளத்தைப் பென்டிரைவில் எழுதிச் செருகினால், பழைய விண்டோஸைத் தொடாமலே ஓடும். பயாஸில் (கணினி எழும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) 'ஏ.சி. பவர் ரெகவரி' என்பதை 'ஆன்' ஆக்கிவிட்டால், பெட்டியின் ஒரே சுவிட்சில் எல்லாம் எழுந்துகொள்ளும். இந்த ஒரு வரியைச் செய்யாமல், ஒவ்வொரு தடவையும் பின்கதவைத் திறந்து பட்டனை அமுக்குகிறவர்கள் உண்டு.

சேலத்துக்கு டெஸ்க்டாப் என்பது எங்கள் தேர்வு. விசிறியும் ஹீட் சிங்க்கும் ஏற்கெனவே பெரிதாக இருக்கும். மூடிய பெட்டிக்குள் சித்திரை மாதம் பை 4 சீக்கிரமே 80 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடியில் காற்று உள்ளே வர ஒரு துளை, பின்னால் மேலே 120 எம்.எம். விசிறி, இரண்டுக்கும் கொசுவலைக் கம்பி. சூடான இடம் பல்லிக்குப் பிடிக்கும், எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பா) மேல் படுத்தால் பல்லியும் போச்சு, ஃபியூஸும் போச்சு. ஏற்காட்டில் கணக்கு தலைகீழ். அங்கே விசிறி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும் வேலையைத்தான் செய்யும். முழு அலுமினியக் கூட்டுக்குள் அடைத்த பை 4, விசிறியே இல்லாமல் அந்தக் குளிரில் நன்றாக ஓடும். பெட்டியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, சக்கரத்தின் மேல் நிறுத்துங்கள்.

கரண்ட் போவது இரண்டு ஊருக்கும் பொது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்.டி. கார்டு கெடும், யு.எஸ்.பி.-யில் எஸ்.எஸ்.டி. போடுங்கள், எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வீட்டு இன்வர்ட்டர் 'யு.பி.எஸ்.' மோடில் இருக்கட்டும். மற்ற மோடில் மாறும் நேரம் நீண்டு டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

திரை

19 அங்குல பழைய சதுர மானிட்டர் பழைய விளையாட்டுகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 24 அங்குல அகலத் திரை வாங்கினாலும் 4:3 படம் அதில் 19.6 அங்குலம்தான் தெரியும், மிச்சம் கறுப்பு. பேக்-மேன் (1980) மாதிரி நெடுக்குப் படத்துக்காகத் திரையைத் திருப்பி வைக்கிறவர்கள் ஐ.பி.எஸ். பேனல் வாங்க வேண்டும், டி.என். பேனலைத் திருப்பினால் ஒரு பக்கம் நிற்பவருக்கு நிறம் வெளுக்கும். வாங்கும் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பாருங்கள். தானாக எரியாத மானிட்டர் பெட்டிக்கு ஆகாது.

பரணில் கிடக்கும் 14 அங்குல இலவச கலர் டிவியும் ஒரு வழிதான். அந்தப் படத்தின் மென்மை எந்த ஃபில்டரிலும் வராது. பை 4-இன் ஆடியோ ஜாக்கிலிருந்தே ஏ.வி. எடுக்கலாம், ஆனால் அந்த ஜாக்கில் நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்டு, வீடியோ என்ற வரிசை. பழைய கேம்கார்டர் கேபிளில் இந்த வரிசை மாறியிருக்கலாம். அப்படியானால் படம் வராது, வெறும் இரைச்சல்தான். டிவியைக் கூட்டோடு அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். கழற்ற வேண்டாம்: ஆஃப் செய்து வைத்த பிறகும் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். ஏற்காட்டு ஈரத்தில் அந்த உயர் மின்னழுத்தம் சடசடவென்று கசியும், அதனால் அங்கே எல்.சி.டி. மட்டும்.

விளையாட்டு ஃபைல்

பழைய ஆர்கேட் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர்; 1997-இல் வெளியான மேம் எமுலேட்டர் இலவசம். அதில் ஓடும் விளையாட்டுகள் அப்படியில்லை, பெரும்பாலானவற்றுக்கு இன்றும் உரிமையாளர் உண்டு. உரிமையாளரே வணிகமில்லாத பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்த கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்றவற்றை வைத்து முதல் சோதனையை நடத்தலாம். "ஃபைல் இருக்கு, ஓடமாட்டேங்குது" என்றால் பெரும்பாலும் பதிப்பு பொருந்தவில்லை என்று அர்த்தம். மேம் பல பதிப்புகளில், கோர் என்ற பெயரில் வருகிறது; மேம் 2003 கோர் 0.78 பதிப்புத் தொகுப்பைத்தான் படிக்கும், மேம் 2010 கோர் 0.139-ஐ. நியோ ஜியோ (ஒரு பழைய ஆர்கேட் மெஷின் வகை) விளையாட்டுக்கு அதே ஃபோல்டரில் neogeo என்ற பயாஸ் ஜிப்பும் இருக்க வேண்டும். ஜிப்பைப் பிரித்துப் போடக்கூடாது. ஃபைல் ஓடியும் பேக்-மேன் திருப்பத்தில் முட்டி முட்டி நின்றால் அது மென்பொருளின் கோளாறு இல்லை. ஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கள்: அடியில் தண்டின் அசைவை அடைக்கும் சதுர பிளாஸ்டிக் கேட் இருக்கும். ஜே.எல்.எஃப்.-இல் அதைக் கழற்றி 45 டிகிரி திருப்பி மாட்டினால் எட்டுத் திசை நாலாகும், பேக்-மேன் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடும்போது திரும்ப மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், பேனலுக்கு ஸ்க்ரூ போடாமல் கீல் போட்டுத் திறக்கும்படி வையுங்கள்.