எச்சில் குப்பிக்குப் பதினைந்தாயிரம், மூன்றாம் புத்தகத்துக்கு மூவாயிரம்

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். வீட்டுக்கே பெட்டி அனுப்பி எச்சில் வாங்கி வம்சம் சொல்லும் மரபணுச் சோதனைக்கு ஐந்துக்கு இரண்டு. கிருஷ்ணகிரியில் பழைய பத்திரம் தேடித் தரும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவருக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது அவர் போனை எடுக்கவே மாட்டார் என்பதற்காக மட்டும். சோதனை நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை, வம்பு வேண்டாம். பெரியவரின் பெயரைப் போட அவரே சம்மதிக்கவில்லை, வருகிற கூட்டமே போதுமாம்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். என் அப்பாவைப் பெற்ற தாத்தா மாங்காய் வியாபாரத்தில் இருந்தவர். பெங்களூரா காய் கூடையில் விழும்போது அவர் எண்ணுவது இன்னும் காதில் இருக்கிறது: ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு. பேச்செல்லாம் தமிழ், திட்டுவது தமிழ், சாமி கும்பிடுவது தமிழ், எண்ணுவது மட்டும் தெலுங்கு. எங்கள் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கலந்து கிடப்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வியாபாரத்தில் பழகியது என்று விட்டுவிட்டோம். இன்னொன்று, வருஷா வருஷம் மே மாதம் ஆந்திராவில் இருக்கும் குப்பம் கங்கம்மா திருவிழாவுக்குத் தனியாகப் போவார். எங்கள் குலதெய்வம் வேறு, அதற்குக் குடும்பத்தோடு போவோம். குப்பத்துக்கு யாரையும் கூட்டிப்போனதில்லை. ஒருமுறை நான் அழுது அடம்பிடித்தும் கூட்டிப்போகவில்லை, வரும்போது பொரி உருண்டை வாங்கி வந்தார், அவ்வளவுதான்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, ஒரு துக்க வீட்டில், பங்காளி வீட்டுக் கிழவி ஒருத்தி இன்னொருத்தியிடம் "அவுரு வந்த புள்ளதானே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வந்த பிள்ளை. தாத்தா இந்த வீட்டில் பிறந்தவர் இல்லை என்று அர்த்தம். அங்கே ஆரம்பித்ததுதான் இந்தச் செலவு எல்லாம்.

முதலில் எல்லோரையும் போல இணையத்தில் தேடி மரபணுப் பெட்டி வாங்கினேன். ஒன்று ஏழாயிரத்து ஐந்நூறு. யாருடைய எச்சிலைத் தரலாம் என்று அவர்களுடைய உதவி எண்ணில் கேட்டேன், என் சந்தேகத்தையும் சொன்னேன், எவ்வளவு மூத்த தலைமுறையோ அவ்வளவு நல்லது என்றார்கள். சரி என்று என் பெரியத்தைக்கு ஒன்று, பங்காளி வீட்டுப் பெரியப்பாவுக்கு ஒன்று. பெரியத்தை தாத்தாவின் மூத்த மகள். பெரியப்பா என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழிப் பேரன். இரண்டு பேரும் நிஜமாகவே ஒரே வம்சம் என்றால் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்துவிடலாம் என்பது திட்டம்.

பெட்டிக்குள் ஒரு குப்பி, ஒரு புனல் மூடி, ஒரு காகிதம். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. எங்கள் பெரியத்தை கண் விழித்தால் வெற்றிலை, படுத்தால்தான் துப்புவார். அரை மணி நேரம் அவரை உட்கார வைத்ததே பெரிய பாடு, "என்னாத்துக்குடா என் எச்சிலு, செய்வினை வைக்கவா" என்று கேட்டுக்கொண்டே துப்பினார், குப்பியில் பார்த்தால் இளஞ்சிவப்பு. அப்படியே அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மாதிரி தேறவில்லை என்று செய்தி, மறுகுப்பிக்குக் கூரியர் செலவு என் தலையில். கூரியர்காரர் எங்கள் ஊர் வரைக்கும் வர மாட்டார் என்பதால் இரண்டு முறையும் கிருஷ்ணகிரிக்கு நானே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன்.

முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் உறவு உண்டு, "இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவு". வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பார்த்தியா, தாத்தா சொந்தப் பிள்ளைதான், காசைக் கரியாக்கினாய் என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் நிறுவனம் பொய் சொல்லவில்லை, அது எனக்கும் பிறகுதான் புரிந்தது. இந்தச் சோதனைகள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும் மரபணுத் துண்டுகளை நீளம் கூட்டிச் சொல்லும், சென்டிமார்கன் என்று ஓர் அளவு. இரண்டு பேருடைய தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால் சராசரியாக 3 சதவீதம் சொச்சம் ஒத்துப்போகும், ஒரு தலைமுறை தள்ளினால் அதில் பாதி. வெள்ளைக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவோம், அத்தை மகளைக் கட்டுவோம், அடுத்த தலைமுறையில் மறுபடியும் அதே வீட்டில் எடுப்போம். ஒரே ரத்தம் இரண்டு மூன்று வழியில் வந்து சேரும்போது எண் வீங்கிவிடும். உறவு உண்டு என்று சொல்லும், எந்த வழியில் என்று சொல்லாது. எனக்குத் தெரிய வேண்டியதோ அந்த வழிதான்.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. பங்காளியா இல்லையா என்பது அப்பன் வழிக் கேள்வி. அதற்கு ஒய் குரோமோசோம் பார்க்க வேண்டும், அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் ஏறக்குறைய மாறாமல் வருவது. பெண்களுக்கு அது கிடையாது. அத்தையின் எச்சிலை ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது. பெரியப்பாவுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரே சோதனையில் தெரிந்திருக்கும், ஏனென்றால் தாத்தாவின் ஒய் அப்பா வழியாக எனக்குள் இருக்கிறது. வெற்றிலை எச்சிலோடு நான் பஸ்ஸில் அலைந்தது எல்லாம் வீண். இதைச் சொல்ல வேண்டியது பணம் வாங்கியவர்கள்தானே? இரண்டு மதிப்பெண் அதனால்தான்.

கூடவே ஒரு வம்சாவளி மென்பொருள் ஒரு வருஷத்துக்கு இலவசம் என்று கொடுத்தார்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் போடாமல் உள்ளே விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்து போதாது என்கிறது. அப்பா பெயரைப் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பெயர் மாறுகிறதே, சரிபாருங்கள் என்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் எங்கள் வீட்டில் இரண்டே பெயர்தான் மாறி மாறி வரும், அதையெல்லாம் ஒரே ஆள் என்று சேர்க்கட்டுமா என்று கேட்கிறது. உச்சம் என்னவென்றால், கொள்ளுத்தாத்தா கட்டியது அவருடைய சொந்த அக்கா மகளை. அதைப் பதிந்ததும் அக்காவே மாமியாராக வந்து நின்று கோடுகள் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட, மஞ்சள் முக்கோணம் போட்டு எச்சரித்தது.

(தரவு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வரி. இதே மாதிரி எச்சில் சோதனை செய்யும் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் போட்டது. நான் வாங்கியது அவர்களிடம் இல்லை, ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்றே அத்தையின் கணக்கை அழித்துவிட்டேன்.)

அப்புறம்தான் பெரியவர். வேறு ஒரு வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகம் போனபோது டீக்கடையில் அறிமுகம். நான் ஏற்கெனவே வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தேன். நான் பார்த்தபோது இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைத்தது, அதற்கு முன் என்றால் மேனுவல் ஈசி, அதாவது அலுவலகத்தில் கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று. அதிலும் தாத்தா பெயரில் பாகப்பிரிவினை, கிரயம் எல்லாம் ஒழுங்காக இருந்தது, "இன்னார் குமாரர்" என்றுதான் இருந்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே, "எல்லாம் ஒண்ணாம் புத்தகம். மூணாம் புத்தகம் கேட்டியாப்பா?" என்றார்.

எனக்குப் புத்தகமே புதுசு. பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் எல்லாம் 1ஆம் புத்தகத்தில் ஏறும், அதை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 3ஆம் புத்தகத்தில் உயில்களும் தத்து எடுக்கும் அதிகாரப் பத்திரங்களும். அந்தக் காலத்தில் பிள்ளை இல்லாத புருஷன், என் காலத்துக்குப் பிறகு நீ ஒரு பையனைத் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று மனைவிக்கு எழுதிக் கொடுப்பது. 1872 ஜனவரி 1க்குப் பிறகு உயிலில் இல்லாமல் தனியாக எழுதினால் அதைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று சட்டம். இந்தப் புத்தகத்தை நாம் புரட்ட முடியாது, அதிகாரிதான் தேட வேண்டும், எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்றால்தான் அடுத்தவருக்கு நகல் கிடைக்கும். சொத்துத் தேடுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதே இல்லை, அதனால் குடும்ப ரகசியம் எல்லாம் அங்கேதான் தூங்குகிறது என்றார் பெரியவர்.

அவருக்கு இரண்டாயிரம், அரசுக் கட்டணம், நகல் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரம். மூன்று மாதம் ஆனது. அந்தக் காலத்தில் நாம் சேலம் ஜில்லா, 1965இல் தர்மபுரி பிரிந்தது, 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது, அலுவலக எல்லைகளும் நடுவில் மாறின, எந்தப் பழைய கட்டு எங்கே கிடக்கிறது என்பது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவுக்கு இறப்புச் சான்று எங்கே போவது என்று நான் முழித்தபோது, அத்தை வீட்டுப் பெட்டியிலிருந்த ஐம்பதுகளின் கிரயப் பத்திரம் ஒன்றில் அவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்ததைக் காட்டி மனுவைத் தயார் செய்தவரும் அவர்தான்.

நகல் வந்தது. வெகுதானிய வருஷம் ஆனி மாதம், அதாவது 1938. வருஷம், மாதம், தேதிக்கு ௵, ௴, ௳ என்ற பழைய குறிகள் எல்லாம் போட்டு மூக்கு நீட்டிய கையெழுத்து. புத்திர சந்தானம் இல்லை, தேக அசௌக்கியம், ஆகையால் மனைவிக்கு அதிகாரம் என்று போகிறது. பையன் யார் என்றும் எழுதியிருந்தார்: மனைவியின் இளைய சகோதரி மகன். அவர்கள் இருக்குமிடம் எழுதிய வரி "கோலார் தங்க" என்று ஓரத்தில் முடிந்தது. நான் அதைக் கோலாரில் போய்த் தங்க என்று படித்துக் குழம்பினேன். பெரியவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "வயலில் ஜாகை". தங்கவயல். அந்தச் சுரங்க ஊரில் மாரிக்குப்பம்.

எல்லாம் ஒரே அடியில் விழுந்தது. தங்கச்சிக்காரி சுரங்கத்தில் வேலை செய்த தெலுங்குக்காரரைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவர்கள் பையன் ஏழெட்டு வயது வரை தெலுங்கில் எண்ணப் பழகிவிட்டுத்தான் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறான். பெரியப்பாவோடு மரபணு ஒத்துப்போனதும் சரி, இந்தப் பையனும் கொள்ளுத்தாத்தாவின் அதே அக்காவுடைய மகள் வயிற்றுப் பேரன்தானே. ரத்தம் உண்டு, ஆனால் பங்காளி ரத்தம் இல்லை. சோதனை சொன்னது பாதி, அந்தப் பாதியை வைத்து நாங்கள் முழுசையும் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

பத்திரத்தில் தாத்தாவைப் பெற்றவரின் சாதியும் போட்டிருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் என்னோடு பேச்சு நின்றது, தங்கைக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதைக் கிளறுவானா என்று. அப்பாவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கோபத்துக்கு பயந்துதான் ஒரு மனுஷர் சாகும் வரை தனியாகக் குப்பம் பஸ் ஏறினார் என்பதும் எனக்கு மறக்கவில்லை. பெரியப்பாவிடம் நகலைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "இதுக்கும் ஏரிக்கரை நெலத்துக்கும் சம்பந்தம் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் மோர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த மோர் குடித்த தைரியத்தில் மாரிக்குப்பமும் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊருக்குத்தான் ரயில் கிடையாதே, குப்பம் வரைக்கும் பஸ், அங்கிருந்து பங்காருப்பேட்டை, அங்கே மாறினால் மாரிக்குப்பம். சுரங்கம் 2001 பிப்ரவரியோடு மூடியாயிற்று, தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சயனைடு மண் மேடுகள் குன்று குன்றாக நிற்கின்றன, பழைய லயன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். தெலுங்குக் குடும்பம், 1930கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள், இங்கே பாதிப் பேர் அப்படித்தான் சார் என்று. இன்னும் எதுவும் கிடைக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: மரபணுப் பெட்டி வாங்கியே தீருவேன் என்றால் உங்கள் கேள்வி அப்பன் வழியா, அம்மா வழியா என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பங்காளிக் கேள்விக்கு ஒய் சோதனை தனியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காசில்லாமல் பார்க்க ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இருக்கிறது, ஹரித்துவாரப் பண்டாக்கள், அதாவது அங்குள்ள தீர்த்தப் புரோகிதர்கள், எழுதி வைத்த வம்ச ஏடுகளை எல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், எங்கள் பக்கத்துக்கு எனக்கு உருப்படியாக எதுவும் சிக்கவில்லை. பெரியவரைப் பார்க்கப் போகிறவர்கள் போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள், பதினொரு மணிக்கு முன்னால். வீட்டுப் பெட்டியில் இருக்கிற பழைய பத்திரம் எல்லாவற்றையும், கிழிந்ததாக இருந்தாலும், எடுத்துக்கொண்டு போங்கள். டீக்கு அவர் காசு கொடுக்க விடமாட்டார், வெற்றிலைக்கு நீங்கள் கொடுக்கலாம்.