சோழிங்கநல்லூரில் ஒரு வாக்-இன் இன்டர்வியூ: போகப்போகிறவர்களுக்காக ஒரு ரிவ்யூ

சென்னை ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் நடுத்தர ஐடி சர்வீஸ் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்காக ஒரு சனிக்கிழமை வாக்-இன் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

மெயிலில் ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோதே கேட்டுக்கு வெளியே வெயிலில் நீண்ட வரிசை. உள்ளே லாபியில் ஒரே ஒரு வரிசை நாற்காலி, மீதிப் பேர் எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் ரெஸ்யூமே ஃபைலால் விசிறிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார், ரிசப்ஷனில் இருந்தவர் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டார். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். வேலை கேட்டு வருபவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, சரி, அதற்காக மதியம் வரை ஒருவரை நிற்க வைப்பதா?

முதல் ரவுண்டில் இருந்தவர் என் ரெஸ்யூமேயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டெஸ்டிங்கைத் தானாக ஓட்டும் செலினியம் டூல் தெரியும் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன், அவரோ "மேனுவல் மட்டும்தானா?" என்று, கையால் செய்யும் டெஸ்டிங் மட்டும்தான் தெரியுமா என்பதுபோலக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்போது போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டாவது ரவுண்டில் வந்த லீட் அப்படியே நேர்மாறு. தாமதத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நான் கடைசியாகப் பிடித்த ஒரு பக் (சாஃப்ட்வேர் பிழை) பற்றி விவரமாகக் கேட்டார், ஏபிஐ (சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பு) டெஸ்டிங்கில் நான் எங்கே பலவீனம் என்பதையும் முகத்துக்கு நேரே சொன்னார். அது எனக்கு வலிக்கவில்லை, உபயோகமாகத்தான் இருந்தது. ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார் கொடுக்கிறேன் என்றால் அவருக்காகத்தான்.

அப்புறம் எச்ஆர். இப்போதைய சிடிசி (வருட மொத்தச் சம்பளக் கணக்கு), மூன்று மாத பே-ஸ்லிப் என்று வழக்கமான கேள்விகள். இப்போதைய வேலையை விட 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் முகம் சுளித்து, "15 நாள்ல ஜாயின் பண்ண முடியாதா?" என்றார். உங்கள் கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று கேட்டேன், அங்கேயும் 90 தானாம். அடுத்து, கல்யாணம் எப்போது, குழந்தை பற்றி ஏதாவது பிளான் இருக்கிறதா என்றார். என்னோடு வந்திருந்த பையனிடம் இதையெல்லாம் கேட்கவே இல்லை.

"ரெண்டு மூணு நாள்ல சொல்லிடுறோம்" என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் புளூ டிக் மட்டும் விழுகிறது. தேறவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. வரச் சொல்லி ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கும் மெயில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, இல்லை என்று இரண்டு வரி அனுப்பவா தெரியாது? இந்தப் பதிலை நம்பி வேறு ஆஃபரைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து லீவும் போட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போகிறவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், எத்தனை ரவுண்ட் என்று முன்பே கேட்டு வையுங்கள். "செலக்ட் ஆயிட்டீங்க" என்று வாயால் சொன்னாலும் ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல், இப்போது இருக்கிற வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் காட்டிவிட்டு, கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.