ஹட்டன் பக்கம் பழைய வீஜீஏ கார்ட் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க

கம்பியூட்டர் கேம் படத்தை மொனிட்டருக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைத்தான் வீஜீஏ கார்ட் என்கிறோம். நான் திருப்பிக் கொடுத்த கார்ட் நேற்று அதே கடையின் கண்ணாடி அலுமாரியில் மறுபடி உட்கார்ந்திருந்தது. அதே சிவப்பு விசிறி, மூலையில் ஒரு ஸ்க்ரூ இல்லை, அதே '1050 டிஐ 4ஜீபி' ஸ்டிக்கர். அதனால்தான் இந்தப் பதிவு. கடைப் பெயரைப் போடவில்லை, கார்டை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம். கையில் பண்டிகை முற்பணம். தலவாக்கலையிலிருந்து அக்கா மகன் ஸ்கூல் லீவுக்கு வருகிறான், வந்தால் ஜீடிஏ 5 விளையாட வேண்டும் என்று தைப்பொங்கலிலிருந்தே நச்சரிப்பு. என் கம்பியூட்டர் நானே துண்டு துண்டாகச் சேர்த்தது: மதர்போர்ட் ஒருவரிடம், ரேம் இன்னொருவரிடம், மொனிட்டர் எங்கள் பெக்டரி ஒபிசில் கழித்துப்போட்ட பழையது. பகலெல்லாம் கொழுந்துக் கணக்கோடு மாரடித்துவிட்டு ராத்திரியில் அதைக் கழற்றிப் பூட்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வேறு.

"கொழும்புல ஒரு பொடியன் வித்தது தம்பி. வீட்டுப் பாவனை, மைனிங் ஒண்ணும் ஓடல. 22,500க்கு எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். மைனிங் என்றால் பிட்கொயின் போன்ற டிஜிட்டல் காசுக்காக ராப்பகலாய் ஓடவிட்டுக் கார்டைத் தேய்ப்பது. கடை மெஷினில் பூட்டி, விண்டோஸில் பெயரையும் காட்டினார். 1050 டிஐ என்றுதான் இருந்தது, 4ஜீபி என்றும் இருந்தது. பின்பக்கம் பார்த்தேன். எச்டிஎம்ஐ, டீவீஐ, பக்கத்தில் நீல நிறத்தில் பழைய வீஜீஏ போர்ட். என் மொனிட்டருக்கு அது மட்டும்தான் பொருந்தும். கன்வேட்டர் வாங்குகிற காசு மிச்சம் என்று உள்ளுக்குள் சந்தோசம். நான் ஏமாந்த இடமே அந்த நீலப் போர்ட்தான்.

1050 டிஐ, என்விடியா கம்பனி 2016இல் விட்ட பாஸ்கல் வரிசைக் கார்ட். அந்த வரிசையில் வீஜீஏ போர்ட்டுக்கு வேண்டிய அனலொக் சிக்னலே கிடையாது, அதனால் வீஜீஏ போர்ட் இருக்க வாய்ப்பில்லை. இது எனக்குத் தெரியாத விசயமும் இல்லை. ஆசை வந்தால் தெரிந்தது கூட ஞாபகத்துக்கு வருவதில்லை. இன்னொன்று, அந்தக் கார்டுக்கு 75 வோட்ஸ் பவர் போதும், மதர்போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதிலோ தனியாக 6 பின் பவர் வயர் கேட்டது. "ஓசி மொடல் தம்பி, கொஞ்சம் கூட இழுக்கும்" என்றார், வேகம் கூட்டிய கார்ட் என்ற அர்த்தத்தில். 6 பின் வைத்த 1050 டிஐயும் இருப்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சிவனொளிபாதமலை சீசன். நல்லதண்ணி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நோர்வூட் வரைக்கும் பெட்டியைக் கைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றேன்.

கேம் ஓடியது. எல்லாவற்றையும் குறைத்துவைத்தால் மட்டும். டெக்ஸ்சரை (படத்தின் நுணுக்கம்) ஒரு படி கூட்டினால் திரை கருத்துவிடும். பொழுது சாய்ந்தால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குவது வழக்கம், அதுதான் காரணம் என்று பவர் சப்ளையைக் கழற்றி மாட்டி இரண்டு ராத்திரியை வீணாக்கினேன். மூன்றாம் நாள் கார்டை இயக்கும் மென்பொருளை, அதாவது என்விடியாவின் புது டிரைவரைப் போட்டேன், விண்டோஸ் எழும்பவே இல்லை. கடைக்கு எடுத்துக் கேட்டால், "ஐயோ, புதுசு போடாதீங்க. நாங்க போட்டுக் குடுத்ததே போதும்" என்றார். அப்போதுதான் பொறி தட்டியது.

ஜீபீயூ-ஸெட் என்றொரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, இன்ஸ்டோல் செய்யாமலே ஓடும். 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து அது கள்ளக் கார்டைக் காட்டிக்கொடுக்கும். திறந்தேன். மஞ்சள் முக்கோணம், பெயருக்கு முன்னால் 'பேக்' (FAKE, போலி) என்ற சொல். உள்ளே இருந்தது ஜீஎப்106 சிப். அதாவது 2010இல் வந்த ஜீடிஎஸ் 450. அசல் 1050 டிஐயில் 768 கோர் (கணக்குப் போடும் அலகு), இதில் 192. கார்டின் பெயர் அதிலுள்ள பயோஸ் என்ற உள் மென்பொருளில் எழுதியிருப்பது, அதை அழித்து வேறு பெயர் எழுதிவிடலாம். விண்டோஸ் அதை அப்படியே ஒப்பிக்கிறது. மெமரி உண்மையில் 1ஜீபி. 4 என்று நம்பி கேம் நிரப்பப் போகிறது, 1 தாண்டியதும் கருப்பு. ஜீடிஎஸ் 450 மாதிரி அந்தக் காலத்து பெர்மி வரிசைக் கார்டுகளுக்கு கேம் டிரைவர் விடுவதை 2018 ஏப்ரலோடு என்விடியா நிறுத்திவிட்டது. புதுசு போடாதே என்றதன் ரகசியம் இதுதான்.

கடைக்காரர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. "தோட்டத்துக் கரண்ட்தானே தம்பி. இந்த மாசம் இடி வேற. அடிச்சிருக்கும்."

இடி விழுந்தால் கார்ட் கருகும் அண்ணே, 2016 கார்ட் 2010 கார்டாக மாறுமா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பொடியன் சிரித்துவிட்டான். அவருக்கு அதுதான் கோபம். பில்லைப் பார்க்கச் சொன்னார். 'வீஜீஏ கார்ட் 4ஜீபி, யூஸ்ட்' என்று மட்டும் இருந்தது. மொடல் இல்லை. வாங்கும்போது நான் அதைப் படிக்கவே இல்லை. நீங்கள் வாங்கினால் 1050 டிஐ என்று எழுதச் சொல்லி, கடை முத்திரையோடு வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். ஜீபீயூ-ஸெட்டை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், காசு கொடுக்கும் முன்னாலேயே கடை மெஷினில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிச வேலை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 நம்பருக்கு எடுப்பேன் என்று போனைக் கையில் எடுத்த பிறகுதான் குரல் இறங்கியது. "நம்மாளுங்க, நமக்குள்ள எதுக்கு தம்பி" என்று 15,000 தந்தார். மீதிக்கு ஒரு கீபோர்டும் மௌஸும். இழுபறிக்குத் தெம்பில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன், அது என் பிழை. மௌஸின் சக்கரம் மேலே மட்டும்தான் சுத்துகிறது. "மாமா, இதையும் அந்த சொப்ட்வெயார்ல போட்டுப் பாருங்க" என்கிறான் அக்கா மகன்.

நேற்று அலுமாரியில் பார்த்தேன் என்றேனே, விலையையும் பார்த்தேன். 24,000.