அட்டோமியம்: உள்ளே போங்கள், நினைவுப்பொருளை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் போகிற பலரும் அங்கே இருக்கிற அட்டோமியத்தை, அதாவது ஒன்பது பெரிய உருண்டைகளைக் குழாய்களால் இணைத்த கட்டடத்தை, கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். 1958 உலகக் கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிடலாம் என்று கட்டியது, இன்றும் நிற்கிறது. இரும்புப் படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கிற ஒரு கனசதுர அலகை 16,500 கோடி மடங்கு பெரிதாக்கிய வடிவம், 102 மீட்டர் உயரம், ஒவ்வொரு உருண்டையும் 18 மீட்டர் விட்டம்.

உச்சி உருண்டையிலிருந்து ஊரைப் பார்க்கலாம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் குழாய்கள்தான். சாய்வாகப் போகிற குழாய்க்குள் எஸ்கலேட்டர், சுற்றிலும் வளைந்த இரும்பு, ஓர் உருண்டையை விட்டு இன்னொன்றுக்குள் போய்ச் சேரும்போது 1958இல் இதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றாமல் இருக்காது. நடுவில் படிகளும் உண்டு, முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உச்சி உருண்டைக்கு அடுத்த வரிசையில் இருக்கிற மூன்று உருண்டைகளுக்குக் கீழே நேரான தாங்கல் இல்லை, அதனால் அங்கே யாரையும் விடுவதில்லை.

2004-06 புதுப்பிப்பில் பழைய அலுமினியத் தகடுகளைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார்கள். கழற்றிய முக்கோணத் தகடுகளைச் செலவுக்குப் பணம் திரட்ட ஒன்று 1,000 யூரோ என்று விற்றார்கள். கட்டடத்தின் தோலையே வீட்டுக்கு எடுத்துப் போகலாம், இதைவிடப் பெரிய நினைவுப்பொருள் எந்த உலகக் கண்காட்சிக்கும் கிடையாது என்பது என் முடிவு!

சரி, நமக்குக் கட்டுப்படியாகிற விஷயத்துக்கு வருவோம். நகர மையத்தில் ஒரு கடையில் வாங்கிய சாவிக்கொத்தில் கனசதுரம் தட்டையாக உட்கார்ந்திருந்தது, நடு உருண்டையே இல்லை. உண்மையானது ஒரு முனையில் நிற்க வேண்டும்: எட்டு மூலைக்கு எட்டு உருண்டை, நடுவில் ஒன்று, அவற்றை இணைக்க 20 குழாய்கள். இது சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அதைவிட, பிரஸ்ஸல்ஸின் மரோல் பகுதியில் தினமும் காலையில் கூடுகிற பழைய பொருள் சந்தைக்குப் போங்கள். முனைகள் ஏறுக்கு மாறாக நீண்ட நட்சத்திரம், அதற்குள் உலக உருண்டையும் நகரமன்றக் கோபுரமும், இதுதான் 1958 கண்காட்சியின் சின்னம். அது பொறித்த கரண்டியோ சாம்பல் கிண்ணமோ கண்ணில் பட்டால் விடாதீர்கள், விலை பேசிப் பார்க்கலாம்.