கோத்தகிரியில் ஒரு பிரேக் பட்டறை: நூற்றுக்கு 85

அரவேணுவில் குடியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது என் பழைய ஆல்ட்டோவில் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். சென்ற மாதம் வாசல் ஏற்றத்தில் கை பிரேக்கை இழுக்கும் மட்டும் இழுத்து விட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் வண்டி பின்னால் நகர்ந்து எதிர்வீட்டு டேலியாச் செடிகள் மேல் சாய்ந்து நிற்கிறது. பிரேக் ஆயிலும் இறங்கியிருந்தது. இத்தனைக்கும் எட்டு மாதத்துக்கு முன்புதான் கீழே ஒரு பட்டறையில் பின் சக்கர ஷூக்களை, அதாவது சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த தகடுகளை, மாற்றியிருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி கைகாட்டியது, கோத்தகிரியில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகையை. முப்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். யாராவது வேலை செய்தால் பக்கத்தில் நின்று வழிமுறையைச் சரிபார்க்காமல் இருக்க முடியாது. அங்கிருந்த மெக்கானிக் முகம் சுளிக்கவில்லை. “நில்லுங்க டீச்சர், ஆனா வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்றார்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கை பிரேக்கைத் தளர்த்தினார். சக்கரத்தைக் கழற்றி, நடு நட்டின் மடங்கிய விளிம்பைத் தட்டி நிமிர்த்தி எடுத்தார். ஷூக்களை மூடியிருக்கும் டிரம் என்ற இரும்புக் கிண்ணம் அசையவில்லை. எங்கள் ஊர் ஈரத்துக்கு அது அசைந்தால்தான் ஆச்சரியம். மழை நாட்களில் கை பிரேக் இழுத்தபடி வண்டியை நிறுத்தினால் ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இங்கே கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். சுத்தியலை எடுப்பார் என்று நினைத்தேன். டிரம்மிலேயே இருந்த இரண்டு மரைத்துளைகளில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளை ஏற்றி, இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என்று முறுக்கினார். ‘டொக்’கென்று விட்டுக்கொடுத்தது.

உள்ளே கறுப்புத் தூள். ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. அவர் ஊதவில்லை, தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தார். பிறகு, ஆயில் அழுத்தத்தில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒரு ஓரத்தில் நெம்பினார். சொட்டென்று பிரேக் ஆயில் என் செருப்பில் விழுந்தது. லைனிங் தேயவே இல்லை. எண்ணெய்ப் பலகாரம் மடித்த தாள் மாதிரி ஊறிப்போயிருந்தது. முன்பு மாற்றியவர்கள் ஷூவை மட்டும் மாற்றிவிட்டுச் சிலிண்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. விடையைத் திருத்திவிட்டுக் கணக்கை அப்படியே விடுகிற மாணவர்களைத் தெரியும். மெக்கானிக்குகளிலும் உண்டு போலிருக்கிறது.

அடுத்த பக்கத்தை உடனே பிரிக்கவில்லை. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் முழுதாக இருக்க வேண்டுமாம். ஷூ நான்கு, சிலிண்டர் இரண்டு, நடு நட்டும் புதிது. கடைசியாகப் பையனைப் பெடல் மிதிக்கச் சொல்லி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார்.

ஷூ 850, சிலிண்டர்கள் 1,100, ஆயிலும் நட்டும் 250, கூலி 700. ஆக 2,900 ரூபாய். கூலி குறைவு என்றுகூடச் சொல்வேன்.

பதினைந்து மதிப்பெண் எங்கே போயிற்று? காலையில் முடியும் என்றவர், கடைக்காரர் காட்டிய மலிவான சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்லது வர இரண்டு நாளாயிற்று. அதைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பஸ் ஏறிப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். ரசீது கிடையாது, சிகரெட் அட்டையின் பின்பக்கம்தான். உட்கார ஒரு பழைய டயர்.

புது ஷூ படியும்வரை கை பிரேக் சற்றுத் தளரும் என்றார். பத்து நாள் கழித்துப் போனபோது கேபிளை முறுக்கித் தந்து காசு வாங்கவில்லை. நேற்றுக் குஞ்சப்பனை ஏற்றத்தில் பலாப்பழம் வாங்க நிறுத்தினேன். கை பிரேக்கை ஐந்து ‘டிக்’ இழுத்ததுமே வண்டி அசையாமல் நின்றது. இருந்தாலும் கல் வைத்தேன்.